வலை இழுக்கும் இடத்து மௌனம்

கச்சேரி மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பாடகி என்றுதான் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பழவேற்காட்டில், லைட்ஹவுஸ் குப்பத்தில் கரைவலை இழுத்தவரின் மகள் என்பது அன்று என்னைப் பாட அழைத்திருந்த இசையமைப்பாளருக்குத் தெரியாது. மீனவர்கள் வலை இழுக்கும் காட்சிக்கு அவர் ஒரு பாட்டு வைத்திருந்தார். நான் பாடப் பாட, கோரஸும் கூடவே விடாமல் ஏலேலோ பாட வேண்டுமாம்.

"இழுக்கிறவங்க பாட மாட்டாங்க சார்," என்றேன். "ஒருத்தர் குரல் கொடுத்து நிறுத்துவாரு. அப்புறம்தான் மத்தவங்க மூச்சைப் பிடிச்சு இழுப்பாங்க."

"சங்கீதம் படிச்ச உங்களுக்கு வலை இழுக்கிறதைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று சிரித்தார்.

வந்ததே கோபம். வருஷக்கணக்காகப் பொத்தி வைத்திருந்த குப்பத்துப் பேச்சு வெளியே வந்துவிட்டது.

"இன்னா சார் சிரிப்பு? எங்க நைனா வலை இழுத்த ஆளு. இத்தப் புடிச்சு இழுத்துக்கினே பாடு, பாக்கலாம்!"

கோரஸ்காரர் ஒருவரின் துண்டை வாங்கி ஒரு முனையை இசையமைப்பாளர் கையில் திணித்தேன். மறுமுனையை நானே பிடித்து இழுத்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே அவர் குரல் அடைத்துக்கொண்டது.

பதிவில் ஒவ்வொரு வரிக்குப் பிறகும், கோரஸோ வாத்தியமோ இல்லாமல், இரண்டு அட்சர நேரம் இடைவெளி விட்டுத்தான் பாடினேன்.

"அந்த இடத்துல பாட்டு செத்துப்போகுதும்மா," என்று முணுமுணுத்தார்.

"சாகட்டும்," என்றேன்.

பொன்னேரி கொட்டகையில் படம் பார்த்தேன். பாட்டின் முதல் வரி முடிந்தது. அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த தரை டிக்கெட் சட்டென்று அடங்கியது. எங்கள் குப்பத்து ஆட்கள் மொத்தமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.