டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம்

மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது ஆலையில் என்னை ஒருநாள் வேலையாக டெல்லிக்குப் போகச் சொன்னார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகங்களின் அளவைச் சோதிப்பது என் வேலை. நாங்கள் அனுப்பியவை அளவு தப்பியிருப்பதாக அவற்றை வாங்கும் டெல்லி ஆலைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அளந்தது நீங்கதானேம்மா, நீங்க பேசினாத்தான் எடுபடும். காலைல போய் ராத்திரி வந்துடலாம்," என்றார் மேலாளர்.

மகள் ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பாள். வேலைக்கு நடுவே ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் அவளைப் பிரிந்ததில்லை. கைப்பேசியில் தேடினேன். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். அதைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போவது, அங்கே காத்திருப்பது, டெல்லியில் இறங்கி அவர்கள் ஆலைக்குப் போவது எல்லாவற்றையும் என் கணவர்தான் கூட்டினார். பதினெட்டு மணி நேரம் வந்தது.

அவருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை. "நான் லீவு போட்டுக்கினு பாத்துக்குறேன். இன்னாத்துக்குக் கவலப்படுற?" என்றார்.

பத்து நாள் பாலைப் பீய்ச்சிச் சின்னச் சின்ன டப்பாக்களில் உறையவைத்தேன். பாட்டிலை நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தவள், கடைசி இரண்டு நாள் குடித்தாள். அந்தத் தைரியத்தில் கிளம்பினேன்.

டெல்லியில் பேச்சு நல்லபடியாக முடிந்தது. அவர்கள் அளந்த முறையில்தான் தவறு. ஆனால் மதியம் வீட்டுக்குப் பேசியபோது, "ரெண்டு வாய் குடிச்சா, துப்பிட்டா," என்றார் கணவர்.

மாலையில் விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். பிறகு இன்னொரு மணி நேரம். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு சுடிதார் நனைந்துவிட்டது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். அங்கிருந்தே கூப்பிட்டேன். பின்னால் அவள் அழுவது கேட்டது.

"பாட்டிலப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கினு அழுவுறா. நீ எப்ப ஏறுவ?"

"இன்னும் சொல்லலங்க."

"செரி, ஒண்ணும் ஆவாது. நீ வா," என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை.

விமானத்தில் கைப்பேசியை அணைக்கச் சொன்னார்கள். அழுது அழுது அவளுக்குக் காய்ச்சல் வந்தால், ஒற்றை ஆளாக அவளை பைக்கில் எப்படி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்? கடிகாரத்தைப் பார்ப்பேன். ரொம்ப நேரம் கழித்து மறுபடி பார்த்தால் ஐந்து நிமிடம்தான் போயிருக்கும். இன்னும் எவ்வளவு நேரம் என்று பணிப்பெண்ணிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"மெதுவாப் பேசு. தூங்கிக்கினு இருக்கா."

"இன்னா குடுத்தீங்க?"

"பக்கத்து ஊட்ல இட்லி குடுத்தாங்க. வெந்நீர்ல கரைச்சு ஊட்டுனேன். ஒண்ணரை இட்லி."

இருக்கையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்த சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். கையை நீட்டினேன். வரவில்லை. அப்பாவின் பனியனைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் படுத்தேன். வெகுநேரம் கழித்து அவளாகவே புரண்டு வந்து பால் குடித்தாள். கணவர் எழுந்துபோய் மிச்சமிருந்த இட்லிகளைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.