இருவருக்கு ஒரு பாஸ்

போன வருடம் ஜெர்மனியில் மனைவியைத் தொலைத்தேன். சரியாகச் சொன்னால் அவள்தான் என்னைத் தொலைத்தாள்… ரயிலில் இருந்தது அவள், பிளாட்ஃபாரத்தில் நின்றது நான்.

ஐம்பது வயதுக்கு மேல் முதுகில் மூட்டையோடு ஐரோப்பா சுற்றப் போகிறோம் என்றபோதே சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் வசந்தாவும் கண்டுகொள்ளவில்லை. இருவரும் சேர்ந்தே பயணம் செய்வதானால் ரயில் பாஸ் சலுகை விலையில் கிடைக்கும் என்றார் சென்னை ஏஜென்ட். இருபத்தாறு வருடமாகச் சேர்ந்துதானே இருக்கிறோம்? வாங்கிவிட்டேன். ஒரே காகிதம், அதில் இரண்டு பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை — இருவரும் ஒரே ரயிலில் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். பொடி எழுத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

டுசல்டோர்ஃபிலிருந்து பெர்லினுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் பீலெஃபெல்ட் என்று ஓர் ஊர். பிளாட்ஃபாரத்தில் காபிக் கடை தெரிந்தது.

“ரயில்லயே காபி விக்கறாங்களே…” என்றாள் வசந்தா.

ஜோலார்பேட்டையில் இறங்கி நிதானமாக வடை வாங்கிப் பழகியவன் நான். கேட்பேனா? இறங்கினேன். அந்த ரயில் அங்கே இரண்டே நிமிடம்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது.

விசில். கதவுகள் மூடின. சத்தமே இல்லாமல் ரயில் நகர்ந்தது. ஜன்னலில் வசந்தா ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. கேட்காததும் நல்லதற்குத்தான்.

பாஸ், பாஸ்போர்ட், செல்போன், இரண்டு மூட்டை… எல்லாம் அவளிடம். என்னிடம் பர்ஸ் மட்டும். “ஐயோ, வசந்தா!” என்று கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது.

“அண்ணை, நீங்கள் தமிழோ?”

காபிக் கடைக்குள் இருந்து ஒரு பெண். பெயர் ஜெசிந்தா, இலங்கையில் மன்னார்க்காரர். விஷயத்தைச் சொன்னேன். “பதறாதேங்கோ. மனுசியிட்ட போன் இருக்கெல்லோ? நம்பரைச் சொல்லுங்கோ” என்று தன் செல்போனில் நம்பரை அடித்து என்னிடம் கொடுத்தார்.

வசந்தா எடுத்தாள். “எங்கேங்க இருக்கீங்க? டிக்கெட் பரிசோதகர் எதிர்ல நிக்கறார். பாஸ்ல ரெண்டு பேரு இருக்கு, இன்னொருத்தர் எங்கேன்னு கேக்கறார். நான் ஒருத்தியா இருந்தா இது செல்லாதாம்!” குரல் நடுங்கியது. இருபத்தாறு வருடத்தில் அவள் குரல் நடுங்கி நான் கேட்டது இரண்டோ மூன்றோ தடவைதான்.

ஜெசிந்தா என்னிடமிருந்து போனை வாங்கி, அதைப் பரிசோதகரிடம் கொடுக்கச் சொல்லி, ஜெர்மனில் பொழிந்து தள்ளினார். நடுநடுவே என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘இந்த ஆள் பார்க்க நல்லவர்தான், கொஞ்சம் விவரம் போதாது’ என்று சொல்லியிருப்பார்.

“சரி அண்ணை. அக்கா அடுத்த ஸ்டேஷன் ஹனோவரிலை இறங்கி நிக்கட்டாம். அதுவரைக்கும் பிரச்சினை வராமல் அவர் ஒரு கடுதாசி எழுதிச் சீல் அடிச்சுக் குடுக்கிறாராம்.”

“கடுதாசியில என்ன எழுதறாராம்?”

“இவவின்ர புருசன் பீலெஃபெல்டிலை நிக்கிறார் எண்டு.”

நான் டிக்கெட் கவுன்டருக்கு ஓடினேன். பாஸ் இருக்கிறது என்றேன் ஆங்கிலத்தில். எங்கே என்றார் அங்கிருந்தவர். மனைவியிடம். மனைவி எங்கே? ரயிலில். ரயில் எங்கே? கையைக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, “ஹனோவர் போய்க்கொண்டிருக்கிறது” என்றார். அது எனக்குத் தெரியாதா? முழு விலைக்கு டிக்கெட் வாங்கினேன்.

அடுத்த ரயில் வரும்வரை ஜெசிந்தாவின் கடையோரமாக நின்று புலம்பினேன். ஒரு காகிதத்துக்காக மனிதர்களை இப்படிப் பிரிக்கலாமா?

அவர் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நாங்கள் அகதியா வந்த புதுசிலை, அவர் ஒரு முகாம், நான் வேற முகாம். மாவட்டத்தைத் தாண்டப் பெர்மிஷன் கடுதாசி வேணும். ரெயினிலை ஒரு மணித்தியாலத் தூரம்தான் அண்ணை… ஏழு மாசம் போகேலாமல் இருந்தம்.”

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“ரெயின் வந்திட்டுது. ஓடிப் போய் ஏறுங்கோ!” என்று சிரித்தார். நன்றி சொல்லக்கூட அவகாசம் தரவில்லை அந்த மனுஷி.

ஹனோவர். பெஞ்சில் வசந்தா, இரண்டு பக்கமும் மூட்டைகள். திட்டப் போகிறாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அவசரத்துல வேற ரயில்ல ஏறி வேற நாட்டுக்குப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்…” என்றாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்!

திட்டு? அது பெர்லின் வரை தவணை முறையில் கிடைத்தது.

இப்போதெல்லாம் ஆளுக்கொரு பாஸ்தான் வாங்குகிறோம். சேர்ந்து போவதற்கு அதுதான் வசதி!