நான் மாற்றிக் கேட்ட கேள்வி

என் அக்காவின் கணவரை ஒரு மலையில் சாகக் கொடுக்கப் பார்த்தேன். தள்ளிவிடவில்லை, தனியே விட்டுவிட்டு ஓடவுமில்லை. அவரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை வேண்டுமென்றே மாற்றி மொழிபெயர்த்தேன்... அவ்வளவுதான்!

"அவ்வளவுதான்" என்று எழுதும்போதே கை கூசுகிறது.

நீங்கள் பயப்பட வேண்டாம், அத்தான் உயிரோடு இருக்கிறார். சிட்னியில், டூங்கபி என்ற எங்கள் பகுதியிலேயே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டால் செய்தது சின்னதாகிவிடுமா? இதை எனக்குள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

கிளிமஞ்சாரோ ஏறுவது என் பைத்தியம். வயலின், சட்டப் படிப்பு, நீச்சல் என்று தொடங்கித் தொடங்கி விட்டவள் நான். "தொடங்கிறதுக்கு உன்னை விட்டா ஆளில்லையடி" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். இதை மட்டும் முடித்தே காட்டுவதென்று சனிக்கிழமை தோறும் கட்டூம்பா மலைப் படிகளில் அவளையும் இழுத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவள் கர்ப்பமானாள். அவளுடைய இடத்தில் அத்தான் வந்தார்.

"மலையில கரண்டே இல்லையாம். அங்க எனக்கென்ன வேலை மச்சாள்?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

அவர் வவுனியாவில் பெயரெடுத்த எலக்ட்ரீசியன். இங்கே வந்து இரண்டு வருடம். உரிமம் எடுக்க வேண்டுமானால் முதலில் ஆங்கிலப் பரீட்சை. அதற்காக டிவியில் செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து தானும் உரத்து வாசிப்பார். அக்காவுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வெட்கமே கிடையாது! அந்த வெட்கமில்லாத மனிதரைத்தான் நான்...

பொறுங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் வழிகாட்டியின் பெயர் பராகா. மெதுவாகப் பேசும், நெட்டையான மனிதர். முதல் நாள் மாலை தேநீர்க் கோப்பையோடு என்னைத் தனியே அழைத்தார். "என் ஆங்கிலம் இவருக்குப் பிடிபடவில்லை. இவருக்கு என்ன செய்கிறது என்பதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். இவர் இறங்க நேர்ந்தால் நீயும் கூட இறங்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆளைத் தனியே அனுப்ப மாட்டேன்" என்றார். பெருமையாகத் தலையாட்டினேன். பத்து வயதில் சிட்னிக்கு வந்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பரிசெல்லாம் வாங்கியவள். இரண்டு மொழியிலும் கெட்டிக்காரி!

ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக் கூடாரத்தில் பராகா எங்கள் விரலில் ஒரு கருவியை மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்ப்பார். பிறகு, பத்துக்குத் தலைவலி எவ்வளவு என்று கேட்பார். இல்லையென்றால் பூச்சியம், தாங்க முடியாதென்றால் பத்து. முதல் நான்கு மாலையும் சரியாகத்தான் கேட்டுச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல், ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தலை வெடிக்குது மச்சாள். ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டன். இண்டைக்கு அவனிட்டச் சொல்லு என்ன?"

"ஓம் அத்தான், சொல்லுறன்."

உச்சி மேகம் விலகித் தெளிவாகத் தெரிந்தது அப்போது. இன்னும் ஒரு முகாம்தான்... அதற்கு அடுத்த விடியலில் உச்சி! அவர் இறங்கினால் நானும் இறங்க வேண்டும்.

மாலையில் கருவி காட்டிய அளவு நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. அந்த உயரத்தில் பலருக்கும் அப்படித்தான் இருக்குமாம். ஆகவே எல்லாம் அந்தக் கேள்வியில் நின்றது. பராகா கேட்டார். அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கு வேற மாதிரிக் கேக்கிறார் அத்தான். உங்கட உடம்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க்ஸ் போடுவீங்கள் எண்டு. நல்லா இருந்தாப் பத்தாம்."

அத்தான் யோசித்தார். பிறகு பராகாவிடம் நேரே திரும்பி, தானே ஆங்கிலத்தில் சொன்னார்: "த்ரீ!"

பத்துக்கு மூன்று. தான் எவ்வளவு மோசமாக இருக்கிறேன் என்பதை அதைவிட நேர்மையாக ஒருவரால் சொல்ல முடியுமா? பராகாவோ, தலைவலி மூன்று என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புன்னகைத்தார். வாந்தி எடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்று நானே சொன்னேன்.

"என்னவாம்? இறங்கட்டாமோ?"

"இல்லை அத்தான். எல்லாருக்கும் வாறதுதானாம். நாளைக்குக் காலமை சரியாகிடுமாம்."

ஏன் செய்தேன்? அவருக்குப் பழகிவிடும், ஒரு நாள்தானே என்று நினைத்தேன். நம்புங்கள், நினைத்தேன்! ஆனால் மலைநோயைப் பற்றி மாதக்கணக்காக வாசித்தவள் நான். இந்த அறிகுறிகள் எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்... தெரிந்தேதான்.

மறுநாள் மதியம், கடைசி முகாமை எட்டும்போது அவர் குடித்தவர்போலத் தள்ளாடினார். உட்கார வைத்தோம். கையுறையைக் கழற்றிச் சப்பாத்தின் மேல் மாட்ட முயன்றார். என்னை ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; அது என் பெயரில்லை, அக்காவின் பெயருமில்லை. பிறகு வந்த சொற்கள் எந்த மொழியும் இல்லை. பராகா ஒட்சிசன் முகமூடியை வைத்து, சுமைகாரர்களைக் கத்திக் கூப்பிட்டு, அவரைத் தூக்குப்படுக்கையில் கட்டினார். தானே கூட இறங்கத் தயாரானார்.

"வா" என்றார் என்னிடம்.

இப்போது வருவதை எழுதாமல் விடலாமா என்று பல தடவை யோசித்தேன்.

"அவர்தான் இப்போது பேசவே இல்லையே... நான் வந்து என்ன செய்ய?" என்று கேட்டேன்.

பராகா என்னைப் பார்த்தார். என்னைக் காட்டித் துணை வழிகாட்டியிடம் அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் விடியலில் நான் உச்சியில் நின்றேன். அந்தப் படத்தை அக்கா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். நன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

கீழே நகரத்து மருத்துவமனையில் அத்தான் கண் விழித்திருந்தார். மூளையில் வீக்கமாம். இன்னும் சில மணிநேரம் மேலே இருந்திருந்தால் கதை வேறு என்று மருத்துவர் சொன்னார். கட்டிலருகே பராகா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலைவலி மூன்று என்றீர்கள். நான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். என் பிழை" என்றார்.

அதை ஒரு சொல் மாறாமல் தமிழில் சொன்னேன். அத்தான் நெற்றியைச் சுருக்கினார்.

"த்ரீ எண்டது ஞாபகம் இருக்கு. என்ன கேட்டவன் எண்டதுதான் இல்லை... தலையிடிக்கோ கேட்டவன்?"

"ஓம் அத்தான்."

பாருங்கள், அது உண்மை! பராகா அதைத்தான் கேட்டார். அந்த ஒரு உண்மையால் இரண்டு மனிதரையும் குற்றவாளியாக்கிவிட்டு நான் நல்லவளாக நின்றேன்.

"அப்ப நான்தான் விளங்காமல் உளறியிருக்கிறன்" என்றார் அத்தான்.

குழந்தை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் விருந்தில் ஒரு அங்கிள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன தம்பி, மூண்டுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாமலோ ஊரில வயரிங் செய்தனீர்?" கூடமே சிரித்தது. அத்தான்தான் எல்லோரையும் விட உரத்துச் சிரித்தார். வடைத் தட்டோடு நின்ற நானும் சிரித்தேன்.

அதன்பிறகு அவர் செய்தி வாசிப்பதில்லை. கடைக்குப் போனால் விரலால் காட்டுகிறார். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். "விளங்காமல் என்ர உயிரே போகப் பாத்தது. கரண்ட் வேலையில விளங்காட்டி ஆரைக் கொல்லப்போறனோ?" என்கிறார். "நீ ஒருக்காக் கதைச்சுப் பாரடி. நீ சொன்னாத்தான் கேப்பார்" என்று அக்கா கெஞ்சுகிறாள்.

ஒரு தடவை, காரில் தனியே போகும்போது தொடங்கினேன். "அத்தான், அண்டைக்கு மலையில..."

"விடு மச்சாள். நீ இல்லாட்டி நான் அங்கயே முடிஞ்சிருப்பன்."

என்னால் அதற்குமேல் பேச முடியவில்லை. முடியவில்லையா, பேசவில்லையா? நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிறு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மடிக்கணினியோடு வந்தார். பரீட்சைக்குப் பதிந்ததை நிறுத்த வேண்டுமாம்.

"காரணம் கேட்டிருக்கு. நீயே எழுது. நான் எழுதினாப் பிழையாப் போகும்."

"என்ன காரணம் எண்டு எழுத?"

"உள்ளதை எழுது."

எனக்குத் தெரிந்த உள்ளதை எழுதவில்லை. தன் ஆங்கில அறிவு போதாது என்று விண்ணப்பதாரர் கருதுவதாக, அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். தமிழில் சொன்னேன், ஒரு சொல்லும் பிசகாமல். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறாய்" என்றார்.

"அனுப்பட்டோ அத்தான்?"

"அனுப்பு."

அனுப்பினேன்.