அப்பா பேர் எழுதிய ஜன்னல்

கோயில் பெருக்கி, மணியடித்து, விளக்குப் போட்டு அணைக்கிற வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ஆண்டவர் எதையும் பொறுத்துக்கொள்வார், காற்று வராவிட்டால் சனங்கள் பொறுக்கமாட்டார்கள்.

எங்கள் திண்டுக்கல் மாதா கோயில் வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். மரக்கூரையில் நீலம் பூசி நட்சத்திரங்கள் வரைந்திருக்கும். எனக்குத் தாலி ஏறியது அதன் கீழேதான். போன கோடையில் ஏ.சி. போடவேண்டும் என்று கமிட்டி கிளம்பியது. போட்டால் நட்சத்திரங்களை மறைத்துக் கீழே அட்டைக் கூரை வரும். பங்குச்சாமிக்கு மனசில்லை. “நம்ம சுவிட்சைத் தட்டுனா எங்கயோ கரி எரியுது. இருக்கிற கரண்ட்டையே குறைக்கணும்”னார். கடைசியில் ஒரு கெடு வைத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தி, எல்லாரும் ஓலை பிடித்து வருகிற அடுத்த குருத்து ஞாயிறு அன்று சனம் வேர்க்காமல் உட்கார்ந்திருந்தால் ஏ.சி. இல்லை, வேர்த்தால் உண்டு. சாவி என் இடுப்பில்; பொறுப்பும் என் தலையில்.

டியூப் லைட்

முதல் வேலையாகக் காலைப் பூசையில் பாதி விளக்கை அணைத்தேன். நல்ல வெயில் உள்ளே விழும்போது எதற்கு? ஆனால் எங்கள் கோயிலில் ஒவ்வொரு டியூப் லைட்டிலும் இறந்தவர் பேர் எழுதி, கீழே ‘குடும்பத்தார் உபயம்’ என்றிருக்கும். அது என் புத்தியில் வரவில்லை.

பூசை முடிந்ததும் எங்கள் தெரு விக்டோரியா அக்கா என்னைத் தூணோரம் நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. “எங்கப்பாவ அணைச்சுப்புட்டு நீ எப்படிம்மா போய் சாமி கையில நன்மை அப்பம் வாங்குன?”

ஆணி

உச்சியில் வரிசையாகச் சின்ன ஜன்னல்கள் உண்டு. சூடு மேலே ஏறி அதன் வழியே போகத்தான் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ வருசமாகத் தகரம் அடித்து மூடிக் கிடந்தன. திறக்கச் சாணார்பட்டியிலிருந்து ஆசாரி வந்தார். சாரத்தில் நின்றபடி, “கட்டுனவன் விவரமானவன்க்கா. மூடுன மடையன் யாரு?” என்றார்.

புறாத் தொல்லைக்காக மூடியது என் வீட்டுக்காரர்தான். கல்லறைக்குப் போய் நாலு வருசமாகிறது. பொய் சொல்ல வாய் வரவில்லை, சொல்லிவிட்டேன். ஆசாரி ஒரு ஆணியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆணிய மட்டும் சுத்தமா அடிச்சிருக்காருக்கா.”

புறா வராமல் வலை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜன்னல்

மேலே திறந்தால் போதாது. கீழே உள்ள பெரிய ஜன்னல்களை விடியும்போது திறந்து, வெயில் ஏறுமுன் சாத்தவேண்டும். அப்போதுதான் கனத்த சுவர் குளுமையைப் பிடித்து வைக்கும். என் முழங்காலுக்கு அம்புட்டு ஜன்னல் ஏலாது. நான் சாத்தினாலும், மத்தியானம் செபிக்க வருகிறவர்கள் காற்றுக்கென்று திறந்து அனலை உள்ளே விட்டுவிடுவார்கள்.

ஏசுவை வளர்த்த தச்சர் சூசையப்பர் சுரூபத்தின் முன் முட்டிபோட்டு அழுதேன். எழுந்தபோது விக்டோரியா அக்கா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய், “அக்கா, டியூப் லைட்டுல இருக்க உங்கப்பா பேர ஒரு ஜன்னல்ல எழுதுவோம். திறக்கிறது, சாத்துறது நீங்க. வேற யாரும் தொடக்கூடாது” என்றேன். அக்கா கேட்டார், “டியூப் லைட்டு பியூஸ் போயிரும். ஜன்னல் போகாதுல்ல?”

அடுத்த வாரமே எல்லாக் குடும்பமும் ஜன்னல் கேட்டு வந்துவிட்டது.

குருத்தோலை

அந்த ஞாயிறும் வந்தது. ஏ.சி. வேண்டும் என்று கமிட்டியில் முன்னால் நின்றவர் பூட்டுக்கடை செபஸ்தியான் அண்ணன். அவர் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசுவின் பாடுகள் வாசகம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் தொடங்கியதும் கோயில் முழுக்கக் குருத்தோலையால் விசிற ஆரம்பித்தார்கள். போச்சு, என் நட்சத்திரம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்த விக்டோரியா அக்கா முழங்கையால் இடித்தார். “வேர்வை எங்கடி இருக்கு? கையில ஓலை இருந்தா வீசத்தான் செய்யும்.” பார்த்தேன். ஒரு நெற்றியிலும் ஈரமில்லை.

செபஸ்தியான் அண்ணன் விசிறக்கூட இல்லை. ஓலையை மடியில் போட்டுத் தலை சாய்ந்திருந்தார். பூசை முடிந்து வாசலில் சாமி அவர் முகத்தைப் பார்க்க, அண்ணன் தலையைச் சொறிந்தார். “மார்கழியில கூட இங்க இப்படித் தூங்குனதில்ல சாமி. ஏ.சி. பேச்ச விடுங்க.”

நட்சத்திரங்கள் பிழைத்துவிட்டன, என் தூக்கம்தான் போனது: அப்பா ஜன்னலைத் திறக்க விக்டோரியா அக்கா கோழி கூவுமுன் வந்து என் கதவைத் தட்டிவிடுகிறார்.