திருப்பித் தைத்த தோல்

நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் அண்ணி வாங்கிவிட்டாள்.

அண்ணிக்கு ஷூ தைக்கிற தொழில். மைதானத்துக்கு எதிரே இருக்கும் கடைக்கு அவள்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். வந்தவர்களிடம் வாய் கொடுக்க நான். நம் பெண்கள் கிரிக்கெட் அணி முதன்முதலாக வெளிநாடு கிளம்பியபோது, அதுவரை ஆண்கள் ஷூவில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடிய பதினைந்து பேருக்கும் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். கிரிக்கெட் சங்கத்திலிருந்து காகிதத்தில் பாதம் வரைந்து அனுப்பியிருந்தார்கள்.

ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் ஒரு தடித்த ஊசியும் மெழுகு நூலும் வைத்தாள்.

"ஆடப் போறாங்களா, தைக்கப் போறாங்களா?" என்றேன்.

"நீ வாயை மூடு. பிரிஞ்சா அங்க யாரு இருக்கா?"

வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு, வீசும் கைப்பக்கத்துக் கால் பின்னால் இழுபட்டு ஷூ நுனி தரையில் உரசித் தேயும். அங்கே கூடுதலாக ஒரு தோல் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு மட்டும் 'இடது ஷூவில்' என்று சங்கம் அனுப்பிய சீட்டில் இருந்தது. "எழுதினவனுக்கு இடது வலது தெரியல. நம்ம கடைக்கு வந்த எந்த ஷூ இடது பக்கம் தேஞ்சிருக்கு?" என்று அண்ணி வலது ஷூவில் தைத்துவிட்டாள். பெரிய மேதாவி!

முதல் ஆட்டத்தைக் கடை டிவியில் பார்த்தோம். அந்தப் பெண் ஓடி வந்து இடது கையால் வீசினாள். இடது கால் நுனி தரையில் உரசியது.

"ஐயையோ, பீச்சாங்கைக்காரியா!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சும்மா இரு. யாருக்குத் தெரியப் போகுது? சொன்னா அடுத்த ஆர்டர் போயிடும்" என்றான் அண்ணன். அந்த ஆர்டரை நம்பித்தான் பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆனால் ஆட்டம் முடிவதற்குள் அந்த நுனி தேய்ந்து வெளுத்துவிட்டது. இன்னும் இரண்டு ஆட்டம் தாங்காது.

"அந்தப் பொண்ணு விரல்ல ரத்தம் வந்தா எனக்குச் சோறு இறங்காது." அண்ணி சங்கச் செயலாளருக்கே போன் போட்டாள். "சார், சீட்டுல சரியாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது."

மனுஷன் எரிந்து விழுந்தார். "அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்மா."

"தாராளமாப் பாருங்க. இப்ப அந்தப் பொண்ணு நம்பரைக் குடுங்க."

வீடியோ காலில் அந்தப் பெண் ஓட்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புதுத் தோலுக்கு அங்கே எங்கே போவது?

"வலது ஷூவுல இருக்கறதப் பிரி. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பு. இப்ப இடது ஷூ மேல வெச்சுப் பாரு."

"அக்கா! அப்படியே உக்காருது!"

வலது காலுக்கு வெட்டியதைத் திருப்பினால் இடது காலுக்கு ஆச்சு. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"சொரசொரன்னு அசிங்கமா இருக்கேக்கா."

"பந்து போடறது நீயா, ஷூவா? ஊசியை எடு. குத்து."

ஒன்றரை மணி நேரம். போனைப் பிடித்தே எனக்குக் கை மரத்துவிட்டது.

கடைசி ஆட்டத்தின் கடைசி விக்கெட்டை எடுத்தவள் அவளேதான். வெளிநாட்டு மண்ணில் நம் பெண்களின் முதல் கோப்பை! தெருவே கோப்பையைப் பார்த்துக் கத்தியது. அண்ணி மட்டும், "தையல் பிரியல, பாத்தியா?" என்று அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்?

திரும்பி வந்த மறுவாரம் அந்தப் பெண் ஷூவோடு கடைக்கு வந்தாள். பின்னாலேயே செயலாளர், முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல்.

"குடும்மா, ஒழுங்காத் தைச்சுத் தர்றேன்" என்று அண்ணி கை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா. இது நான் தைச்சது."

செயலாளர் ஒரு தாளை நீட்டினார். நான் வாங்கி உரக்கப் படித்தேன். அடுத்த பயணத்துக்குப் பதினைந்து ஜோடி. அடியில் பதினைந்து பெண்களும் கையெழுத்திட்டு ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'ஊசியும் நூலும் கட்டாயம் வேண்டும்.'

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.