வகுப்புக்கு வந்த டிபன் கடை

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறாள் நர்மதா. சொந்த ஊர் கல்வராயன் மலையில். அம்மா வெள்ளச்சி அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, துணைக்கு இருந்தவள் அவள்தான். தினமும் காலையில் பெரிய டாக்டர் மாணவர்களோடு வருவார். என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவே மாட்டார். "நீங்களே கேட்டுக் கண்டுபிடிங்க" என்று ஒதுங்கி நிற்பார்.

ஒருநாள் ஒரு மாணவி கட்டிலோரம் குனிந்து, "மாத்திரைய நீங்க மட்டுந்தான் சாப்புடுறீங்களாம்மா?" என்றாள்.

அம்மா தயங்கினாள். "எங்க வூட்டுக்காரருக்கும் பிரஷர் கீது. பாதிய அவருக்குக் குடுத்துடுவேன்."

பெற்ற மகளுக்கு அது தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. சில நாளில் அம்மா போய்விட்டாள்.

கல்லூரிக்குத் திரும்பியதும், பற்று வரவு விதிகளைப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. தான் வழக்கமாகச் சாப்பிடும் டிபன் கடையின் சொந்தக்காரி ரம்யாவை வகுப்புக்கே கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

"கடையில நல்ல கூட்டம். மாசக் கடைசில கையில ஒண்ணும் நிக்கல. ஏன்னு நீங்களே கேட்டுக் கண்டுபிடிங்க."

சொல்லிவிட்டு நர்மதா ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு சந்தோஷ் இட்லி விலையைக் கேட்டான். யாரோ வாடகையைக் கேட்டார்கள். எழில்மதிதான், "வூட்டு ஆளுங்க எங்கக்கா சாப்புடுவாங்க?" என்றாள்.

"கடையிலதான். நாத்தனார் புள்ளைங்களும் வரும்."

"அத எழுதி வெப்பீங்களா?"

"வூட்டுச் சாப்பாட்ட யாரும்மா எழுதுவாங்க?"

வகுப்பே சலசலத்தது. பாடப்புத்தகத்தில் 'எடுப்புகள்: உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்வது' என்று ஒரு வரியில் கிடந்தது எதுவென்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பிடிபட்டது.

துறைத்தலைவர் அரங்கநாதன் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்ததை அவள் சொன்னாள். "இது ஆஸ்பத்திரி இல்லீங்க. சிலபஸ் முடிக்கணும்."

"சனிக்கிழமை மட்டும் குடுங்க சார்."

அரைமனதாகத் தலையாட்டினார்.

இப்போது சனிக்கிழமைகளில் உரக்கடைக்காரர், தையல்காரர் என்று யாராவது வருகிறார்கள். மற்ற ஆசிரியர்கள் அவளை 'டாக்டரம்மா' என்று சொல்லிச் சிரிப்பதோடு சரி, மதியத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அதே பேச்சாகக் கச்சிராயபாளையம் பேருந்துக்கு ஓடுகிறார்கள். அவள் தன் ஒற்றை அறைக்கு வந்து, மலையிலிருக்கும் அப்பா கண்ணுசாமிக்குப் போன் போடுகிறாள்.

"இன்னிக்கு கிளாஸ்ல ஒரு பொண்ணு..."

"சரியா கேக்கலம்மா. மழ பேஞ்சிக்கினு கீது. இன்னா சேதி?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான்."

சிக்னல் அறுந்துபோகிறது. ஒருத்திக்கான அரிசியை அளந்து உலையில் போடுகிறாள்.