உலகின் மிகப் பெரிய முதன்மை எண்ணும் ஒரு லாபமும்

2024 ஒக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. காலையில் முற்றம் கூட்டினேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். வாவிக்கரையில் இறால் வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தேன். மீதி நேரம் முழுவதும் ஒரே ஓர் எண்ணுக்குத்தான்.

அந்த வாரம்தான் உலகின் மிகப் பெரிய முதன்மை எண்ணைக் கண்டுபிடித்த செய்தி வந்திருந்தது. 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நாலு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்! ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. நான் கணித ஆசிரியன். அதிபரை நச்சரித்துத் திங்கள் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் வாங்கியிருந்தேன். கணினி இல்லாமல் அதன் கடைசி இலக்கத்தைக் கண்டு காட்டுவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

மத்தியானம் பழுகாமத்திலிருந்து அக்காவின் கணவர் வந்தார்.

“என்ன மச்சான், ஞாயிறும் பள்ளிக்கூடமா?”

“இருங்க அத்தான். நீங்க எண்ணுங்க, நான் எழுதுறன்.”

இரண்டை இரட்டித்துக்கொண்டே போனால், கடைசி இலக்கங்கள் 2, 4, 8, 6 என நாலு படிக்கு ஒருமுறை திரும்பி வரும். எந்தப் படியில் எது என்று அட்டவணை போட்டேன். அத்தான் களத்தில் மரைக்காலால் நெல் அளப்பது போலவே எண்ணினார்.

“லாபம்... ரெண்டு... மூண்டு... நாலு... திரும்ப லாபம்...”

முதல் லாபத்தை, தொடங்குமுன் சொல்லும் நல்ல வார்த்தை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். ‘ரெண்டு’ என்றதும் 2 எழுதினேன். மூன்றுக்கு 4, நாலுக்கு 8, அடுத்து வந்த லாபத்துக்கு 6.

136,279,841ஐ நாலால் வகுத்தால் மீதி ஒன்று.

“ஒண்டில என்ன இருக்கு அத்தான்?”

“ஒண்டெண்டா லாபம். அதில ஆறு.”

ஆறில் ஒன்று போனால் ஐந்து. ஐந்தில் முடிந்தால் ஐந்தால் வகுபடும். அப்படியென்றால் அது முதன்மை எண்ணே இல்லை!

“அத்தான், உலகமே பிழை விட்டிருக்கு!”

“நாங்க பிடிச்சிட்டமா?” அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பினார். “பேப்பர்காரனுக்குச் சொல்லு மச்சான். படமெடுக்க வந்தா சேர்ட் போட்டு வாறன்.”

“முதல்ல சாப்பிட வாங்க,” குசினியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “உலகம் எங்கயும் ஓடாது, சோறுதான் ஆறும்.”

சோற்றுக்குமுன் ஒரு சின்ன எண்ணில் சரிபார்த்தேன். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று போக 31. ஐந்தை நாலால் வகுத்தாலும் மீதி ஒன்றுதான். ஆனால் 31 ஒன்றில் அல்லவா முடிகிறது?

“அத்தான், முதல் சொன்ன லாபமும் கணக்கில வருமா?”

“பின்ன? அது முதலாம் மரைக்கால். ஒண்டு எண்டு தொடங்கினா ஒண்டோட முடிஞ்சிரும் எண்டுதான் லாபம் எண்டுறது.”

முதல் மரைக்காலை நான் எண்ணாமல் விட்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரு படி முன்னே நகர்த்தினேன். லாபத்தில் 2. அதில் ஒன்று போக 1.

“இது ஒண்டோடதான் முடியுது அத்தான்!”

உலகத்தைத் திருத்தும் வாய்ப்புப் போனாலும் உற்சாகம் போகவில்லை. அதே வழியில் போய், பொழுதுபடுமுன் கடைசி மூன்று இலக்கங்களையும் பிடித்துவிட்டேன்: 551. போனில் செய்தியைத் திறந்து பார்த்தேன். அதே 551! நான் போட்ட சத்தத்தில் மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, கூட்டத்துக்கு வைத்திருந்த கரும்பலகையில் 2, 4, 8, 6 என்று எழுதி, 2க்குக் கீழே ‘லாபம்’ என்று எழுதினேன்.